ஐந்து வயது மகளுக்கு நம் பினாங்கைக் காட்டும் படப்புத்தகம் கிடைக்குமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:
சென்னையிலிருந்து வரவழைத்த படக்கதைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டோ. "இந்தப் பாட்டி ஏன் ஃபெரிப் படகில் போகவில்லை?" என்று கேட்கிறாள் மகள். நம் ஊர் இடம்பெறும் தமிழ்க் கதைகளை எங்கே தேடுவது?

பட்டர்வொர்த் பாட்டி:
தேடாதீர்கள் அம்மா, நீங்களே செய்யுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பேரனை, முருகனின் வெள்ளிரதம் புறப்படும் பினாங்கு தெருக் கோவில் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வெள்ளிரதத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தான். சாலையில் உடைந்து கிடந்த தேங்காய்களைவிட்டு அவனை நகர்த்தவே முடியவில்லை! வீட்டுக்கு வந்து வரைந்ததில் ரதம் தீப்பெட்டி அளவு, தேங்காய் யானை அளவு. அதுதான் எங்கள் முதல் பக்கம். இரண்டாவது, தண்ணீர்மலை முருகன் கோவில் படிகள். 513 என்கிறார்கள், அவன் கணக்கில் 498. திருத்தவில்லை. எனக்கு முந்நூறிலேயே மூச்சு வாங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றி எழுதவும் அனுமதி உண்டு. ஆனால் மதுரையை அழித்துவிட்டு பினாங்கு என்று எழுதினால் கதை நம் ஊர்க் கதையாகிவிடாது. ஜாதிக்காய் ஊறுகாயின் மணம் வரவேண்டும்.

ஆயர் ஈத்தாம் அம்மா:
பாட்டி, 498 என்பதை அப்படியே அச்சிடுங்கள். நாளைக் காலை நாங்கள் ஃபெரிக்குப் போகிறோம்; வண்ணப் பென்சில்களைப் பையில் வைத்துவிட்டாள்.