தகவமை ஓடையா, படிமாறு ஓடையா?

வணக்கம். இணைய வேகத்துக்கு ஏற்ப வீடியோவின் தரம் கூடிக் குறையும் அடாப்டிவ் பிட்ரேட் ஸ்ட்ரீமிங்குக்குத் தமிழ்ச்சொல்லாக 'தகவமை பிட்வீத ஓடை' என்று அண்ணன் ஒருவர் சொன்னதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஓடை சரி, அதில் மறுப்பே இல்லை. 'தகவமை'தான் இடிக்கிறது. கேட்டால் வீடியோ தன்னைத் தானே சுருக்கிக்கொள்கிறது என்று தோன்றும், நடப்பது அதுவல்ல.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என் போனில் அடிக்கடி பார்ப்பது இது: ஊருக்குள் பளிச்சென்று ஓடும் வீடியோ, தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கட்டம் கட்டமாக மங்கிவிடும், ஆனால் நிற்காது. காரணம், சர்வரில் ஒரே வீடியோவை 240, 360, 480, 720 என்று பல தரத்தில் முன்கூட்டியே செய்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசித் துண்டு என்ன வேகத்தில் இறங்கியது, பஃபரில், அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்ததில், எத்தனை விநாடி மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று போனில் உள்ள பிளேயர்தான் முடிவு செய்கிறது. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-ல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்த டாஷ் என்ற இரண்டு ஸ்ட்ரீமிங் முறைகளுக்கும் அடிப்படை இதுதான்.

எனக்கு முதலில் 'மடை' தோன்றியது. ஆனால் மடையைக் குறுக்கினால் அதே தண்ணீர்தான் மெதுவாக வரும். வீடியோவில் அதுதான் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பது, நாம் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'படிமாறு ஓடை'. ஏறி இறங்குவதும் படி, கையெழுத்துப்படி அச்சுப்படி என்கிறோமே, அந்தப் பிரதியும் படி, நம் பக்கம் கேழ்வரகு அளந்ததும் படிதான். சர்வரில் இருப்பவை அளவில் வேறுபட்ட பிரதிகள், பிளேயர் செய்வது அவற்றில் ஏறி இறங்குவது. இவ்வளவையும் இரண்டெழுத்தில் சொல்லும் சொல் கையில் இருக்கும்போது எதற்காக வேறெங்கோ தேட வேண்டும்? இந்தத் தரங்களின் அடுக்கான பிட்ரேட் லேடருக்குப் 'படிவரிசை', படம் இல்லாமல் ஒலி மட்டும் வருவதற்கு 'ஒலிப்படி' என்று வரிசையாகக் கிளைக்கிறது. 'சிக்னல் குறைந்ததும் பிளேயர் படியிறங்கிவிட்டது' என்றால் விளக்கமே வேண்டாம்.

'பரிமாறு' என்று யாராவது தவறிப் படிக்கலாம், அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல். அப்படியானால் 'படிமாற்று ஓடை' என்று வைக்கலாமா? மாற்றுவது பிளேயர் என்பதால் அதுவும் பொருந்தும்.

அப்புறம், இணைப்பில் விநாடிக்கு எவ்வளவு தரவு போகலாம் என்பதைச் சொல்லும் பேண்ட்வித்துக்கு தயவுசெய்து 'அலைக்கற்றை' வேண்டாம். ஸ்பெக்ட்ரம் ஏலச் செய்திகளில் அந்தச் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.