ஸ்கிரைப் மணிநேரம் பேஷண்ட் கேர் கணக்கில் வருமா?

நெல்லைக்காரன்: அமெரிக்காவுல பிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ., டாக்டரோட சேர்ந்து சிகிச்சை பார்க்கறவர்) கோர்ஸுல சேரக் கேக்கற பேஷண்ட் கேர் மணிநேரத்துக்கு ஸ்கிரைப் வேலையே போதும், அதுவும் பேஷண்ட் கேர்தான்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். ஸ்கிரைப்னா டாக்டர் பக்கத்துல நின்னு அவர் குறிப்பை டைப் அடிக்கிறவர். அது பேஷண்ட் கேரா? நோயாளியைத் தொட்டாத்தான் கணக்கு.

டல்லாஸ்வாசி: அந்த ஒருத்தர் நான்தான் அண்ணாச்சி. சில காலேஜ் ஏத்துக்குது. டாக்டர் ஏன் ட்ரோபோனினை (மாரடைப்பைக் கண்டுபிடிக்கற ரத்தப் பரிசோதனை) ரெண்டாவது தடவை எடுக்கச் சொல்றார்னு ஸ்கிரைபுக்குத் தெரியும். பெட்பேன் மாத்தறவங்களுக்குத் தெரியுமா?

நெல்லைக்காரன்: பெட்பேன்னா இளக்காரமா? படுத்த படுக்கையா இருக்கறவரை 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும். வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தா விரலால அழுத்திப் பார்க்கணும். வெளுக்கலைன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு, உடனே நர்ஸ்கிட்ட சொல்லணும். இதெல்லாம் சி.என்.ஏ. (சான்றிதழ் வாங்கின நர்ஸிங் உதவியாளர்) வேலை. உங்க கீபோர்டு அழுத்திப் பார்க்குமா?

கலிபோர்னியாக்காரி: காஸ்பாங்கற பி.ஏ. கோர்ஸ் பொது விண்ணப்பத்துல பேஷண்ட் கேர் தனி, ஹெல்த் கேர் தனி. சிகிச்சையில நேரடிப் பொறுப்பு இருந்தா முதலாவது, இல்லைன்னா ரெண்டாவது. ஒரே மணிநேரத்தை ரெண்டுலயும் போடக்கூடாது. எதை ஏத்துக்கறதுன்னு அந்தந்த காலேஜ்தான் முடிவு பண்ணும். அவங்க பக்கத்தைப் படிங்களேன்.

நெல்லைக்காரன்: படிச்சாச்சும்மா. தொட்டாத்தான் கணக்கு.

டல்லாஸ்வாசி: 75 மணி நேர சி.என்.ஏ. பயிற்சிக்கு இவ்வளவு பில்டப்பு!

கலிபோர்னியாக்காரி: 75 ஃபெடரல் குறைந்தபட்சம். இங்க கலிபோர்னியாவுல 160, அதுல 100 கிளினிக்கல், அதாவது நோயாளிகள்கிட்ட நேரடிப் பயிற்சி. தெரியாம பேசாதீங்க.

புதுசு_2: ரத்தம் எடுக்கற வேலைக்குப் போகலாமே? லாவெண்டர் டியூப், தங்கக்கலர் டியூப்னு மூடியில ரெண்டு மூணு நிறம், அவ்வளவுதான்.

நெல்லைக்காரன்: தம்பி, அந்த வரிசையில எடுத்தா லேப்காரன் திட்டுவான். முதல்ல நீலம், அப்புறம் தங்கக்கலர், பச்சை, அதுக்கப்புறம்தான் லாவெண்டர். லாவெண்டர்ல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்கற பொட்டாசியம் இ.டி.டி.ஏ. துளி தங்கக்கலர்ல கலந்தாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். இதையும் கையால செஞ்சாத்தான் தெரியும். ஸ்கிரைபுக்கு வராது.

டல்லாஸ்வாசி: எல்லாம் தெரிஞ்ச அண்ணாச்சி, பட்டர்ஃபிளை ஊசின்னா (மெல்லிய குழாய் வச்ச ஊசி) நீலத்துக்கு முன்னாடி ஒரு டியூப் எடுத்து வீசணுமே, அதை ஏன் விட்டுட்டீங்க? குழாய்க் காத்து உள்ள போனா நீலம் கோடு வரைக்கும் நிறையாது. விசா திரியிலயும் இப்படித்தான் பாதி சொல்லி எல்லாரையும் குழப்பினீங்க.

நெல்லைக்காரன்: விசா திரியை எதுக்கு இழுக்கறீங்க? அங்க நான் சொன்னதுதான் சரி. இங்கயும் அதேதான். தொடாத மணிநேரம் பேஷண்ட் கேர் இல்ல.

புதுசு_2: அப்ப ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை பார்க்கற இ.எம்.டி. வேலை?

டல்லாஸ்வாசி: அண்ணாச்சியைக் கேளுங்க, ஆம்புலன்ஸையும் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லுவார்.