பிளஸ் குறியைப் பார்த்தால் மட்டும் போதுமா?

காரைக்குடியிலிருந்து:

பிளஸ் ஒன் படித்தபோது வேதியியலில் எலக்ட்ரான் கவர் பொருள் (electrophile), கருக்கவர் பொருள் (nucleophile) இரண்டும் பல மாதம் எனக்குத் தலைகீழாகவே இருந்தன. எலக்ட்ரான் கவர் என்றால் எலக்ட்ரான் நிறைய வைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதைத் தேடிப் போகிறதோ அதை வைத்துத்தான் பெயர். எலக்ட்ரான் போதாதது எலக்ட்ரானைத் தேடுகிறது. கொடுக்க ஓர் எலக்ட்ரான் ஜோடி உள்ளது நேர்மின் உள்ள கருவைத் தேடுகிறது.

அது புரிந்ததும் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டேன். பிளஸ் என்றால் எலக்ட்ரான் கவர், மைனஸ் என்றால் கருக்கவர். நைட்ரோனியம் அயனி, ஹைட்ராக்சைடு எல்லாம் சரியாக வந்தன. ஒரு மாதத் தேர்வில் அம்மோனியம் அயனியை எலக்ட்ரான் கவர் பக்கம் போட்டேன். போரான் ட்ரைபுளூரைடில் மின்சுமையே இல்லையே என்று விட்டுவிட்டேன். இரண்டும் தப்பு. அன்று வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

டியூஷன் அக்கா திட்டவில்லை. "தம்பி, அம்மோனியத்தில் நைட்ரஜனைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான், எண்ணு" என்றார். நாலு பிணைப்பு, பிணைப்புக்கு ஒரு ஜோடி, ஆக எட்டு. "இன்னொரு ஜோடி வந்தால் எங்கே உட்காரும்?" இடமில்லை, எட்டுக்கு மேல் அது கொள்ளாது. "சரி, போரானை எண்ணு." மூன்று பிணைப்பு, ஆறுதான். ஒரு ஜோடிக்கு இடம் காலியாகக் கிடந்தது. அம்மோனியாவின் நைட்ரஜனிலோ பிணைப்பில் சேராத தனித்த ஜோடி ஒன்று இருக்கிறது. அது போய்ப் போரானில் உட்காரும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். அம்பு எப்போதும் ஜோடி இருக்கும் இடத்தில்தான் கிளம்ப வேண்டும். அன்றிலிருந்து மின்சுமையைப் பார்க்கும் முன்னால் எலக்ட்ரானை எண்ணுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து:

அண்ணே, அந்த அக்கா சொன்னதை வைத்து நானும் எண்ணிப் பழகினேன். அப்புறம் கார்பன் டை ஆக்சைடில் மாட்டிக்கொண்டேன். அதன் கார்பனைச் சுற்றி எட்டும் நிறைந்திருக்கிறது, ஆனாலும் அது எலக்ட்ரான் கவர் பொருள்.

விடை எங்கள் ஐயா வீட்டுச் சுவரில் கிடைத்தது. முகப்பில் சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பித்தார்கள். காற்றும் பட வேண்டும், ஈரமும் வேண்டும், சட்டென்று காய்ந்தால் இறுகாது என்று கொத்தனார் ஈரச்சாக்கு கட்டிவைத்தார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த ஈரத்தில் கரைகிறது. சுண்ணாம்பின் ஹைட்ராக்சைடு தன் ஜோடியை அதன் கார்பனுக்குக் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் இழுப்பதால் கார்பன் ஏற்கெனவே எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. ஜோடி வந்ததும் ஓர் இரட்டைப் பிணைப்பில் ஒரு ஜோடி ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கி இடம் விடுகிறது. கடைசியில் கால்சியம் கார்பனேட்டாகிச் சுவர் கல் போல இறுகுகிறது.

ஆகவே காலியிடம் இருக்கிறதா என்பதோடு, ஒதுங்கி இடம் விடக்கூடிய பிணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

காரைக்குடியிலிருந்து:

நீங்கள் சொன்னதை வைத்து அம்மோனியத்தை மறுபடி பார்த்தேன். ஹைட்ராக்சைடு வந்தால் நைட்ரஜனைத் தொடாது. ஒரு ஹைட்ரஜனைப் பிடிக்கும், அந்தப் பிணைப்பின் ஜோடி நைட்ரஜனிடமே தங்கிவிடும். உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியம் உப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கும்போது மூக்கில் ஏறும் நெடி, இப்படி வெளிவரும் அம்மோனியாதான்.