கொல்லிமலைக்கு 34 பல் காசெட்: யார் வண்டியில் எந்த ஆர்.டி. ஒத்துவந்தது?

சைக்கிளில் கொல்லிமலை ஏறிவிட்டு வந்ததிலிருந்து "என் ஆர்.டி.க்கு 34 போடலாமா, 36 போடலாமா" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு, கேட்கத்தான் செய்வார்கள். (ஆர்.டி. என்பது பின்னால் கியர் மாற்றும் ரியர் டீரெய்லர். காசெட் என்பது பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு; 34, 36 அதில் பெரியதன் பல் எண்ணிக்கை.) கூட வந்த நண்பருக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

அவருடையது ஷிமானோ 105 ரோடு பைக் கியர் செட், ஆர்7000, 11 ஸ்பீடு (பின்னால் 11 கியர்). முன்னால் 50/34 (50 பல், 34 பல் என இரண்டு பற்சக்கரம்), பின்னால் 11-28 (சின்னது 11 பல், பெரியது 28 பல்) இருந்தது. கடையில் அதைக் கழற்றிவிட்டு 11-34 மாட்டிக் கொடுத்தார்கள். சமதரையில் ஒரு குறையும் இல்லை. மலை தொடங்கி, பின்னால் பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பற்சக்கரத்துக்கு, மாற்றியதும் கரகரவென்று சத்தம். வண்டியைத் தூக்கிப் பிடித்துப் பெடலைப் பின்பக்கம் சுற்றினால் இன்னும் மோசம். குனிந்து பார்த்தால் ஆர்.டி.யின் மேல் புல்லி (செயின் ஓடும் சின்ன உருளை) பெரிய பல்லிலேயே உரசிக்கொண்டிருக்கிறது. புல்லியைப் பல்லிலிருந்து விலக்கும் பி ஸ்க்ரூவை ஏற்கனவே கடைசி வரை முறுக்கி வைத்திருந்தார்கள்.

அது குட்டைக் கேஜ் (இரண்டு புல்லியையும் தாங்கும் கை) ஆர்.டி. அதற்கு ஷிமானோ தரும் கணக்கு: பெரிய பல் 30, மொத்தக் கொள்ளளவு 35. அதே 105இல் நீளக் கேஜ் என்றால் 34, 39. எல்லாரும் முதல் எண்ணைப் பார்ப்பதோடு சரி, இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை. முன்னால் 50க்கும் 34க்கும் வித்தியாசம் 16, பின்னால் 34க்கும் 11க்கும் 23, ஆக 39. அவ்வளவு செயின் தொய்வை ஆர்.டி. இழுத்துப் பிடித்தாக வேண்டும். பழைய 11-28இல் இது வெறும் 33தான், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"ஹேங்கர் எக்ஸ்டெண்டர் போட்டால் போதுமே" என்பார்கள். நானும் பழைய வண்டியில் போட்டு ஓட்டியிருக்கிறேன். ஹேங்கர் என்பது ஆர்.டி.யை ஃபிரேமில் மாட்டும் துண்டு; அதை நீட்டும் இந்தச் சின்னத் துண்டு ஆர்.டி.யைக் கீழே இறக்கும், புல்லி உரசாது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. கொள்ளளவு இம்மியும் ஏறாது. சின்னப் பற்களிலிருந்து புல்லி விலகிப் போய்விடுவதால் இறக்கத்தில் கியர் மெதுவாகத்தான் விழும். நீளக் கேஜ் கைக்கு வரும்வரை ஒப்பேற்றலாம், அதற்குமேல் அதை நம்ப மாட்டேன்.

அப்புறம் செயின். இதில் மட்டும் விளையாட வேண்டாம். காசெட்டைப் பெரிதாக்கிவிட்டு பழைய செயினையே விட்டு, ஏதோ ஞாபகத்தில் முன்னும் பின்னும் பெரிய பல்லுக்குப் போனால், செயின் விறைத்து ஆர்.டி.யைப் பிய்த்துவிடும், ஹேங்கரும் போகும். சின்னதுக்குச் சின்னது போட்டுச் செயின் தொங்கினால் சத்தம் வரும், அவ்வளவே. ஆகவே கொள்ளளவு போதாத வண்டியிலும் பெரியதுக்குப் பெரியது வைத்துத்தான் அளக்க வேண்டும்: ஆர்.டி.யில் நுழைக்காமல் செயினை இரண்டு பல்லின் மேலும் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

நண்பருக்கு நீளக் கேஜும் புதுச் செயினும் போட்டோம். முன்னால் 34, பின்னால் 34 வைத்து, புல்லிக்கும் பல்லுக்கும் நடுவே 6 மி.மீ. ஆலன் கீ நுழையும் அளவுக்கு பி ஸ்க்ரூவைத் திருப்பியதும் சத்தம் நின்றது.

பதில், கோவையிலிருந்து:

அண்ணா, 9 ஸ்பீடுக்காரங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லைங்க. 9 ஸ்பீடு வரைக்கும் ஷிமானோவில் ரோடு பைக்குக்கும் எம்.டி.பி.க்கும் (மலைப்பாதை சைக்கிள்) கேபிள் இழுவைக் கணக்கு, அதாவது ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிளுக்கு ஆர்.டி. எவ்வளவு நகரும் என்பது, பெரும்பாலும் ஒன்றுதான். என்னிடம் இருப்பது ரோடு பைக்குக்கான சோரா ஷிஃப்டர் (ஹேண்டிலில் உள்ள கியர் மாற்றி), அதற்கு எம்.டி.பி.க்கான 9 ஸ்பீடு அலிவியோ ஆர்.டி. போட்டு 11-36 ஓட்டுகிறேன். வால்பாறை 40 வளைவும் ஏறியாயிற்று, ஒரு கியர்கூடத் தாவவில்லை. கொஞ்சம் கனம், பார்க்க நீளமாகத் தொங்கும். சுவரில் சாய்த்து வைக்கும்போது இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பதில்:

மேலே உள்ளதைப் படித்துவிட்டு 10 ஸ்பீடுக்காரர்கள் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்! என் மச்சான் தன் ரோடு பைக்கின் டியாக்ரா 4700 செட்டுக்கு எம்.டி.பி.க்கான 10 ஸ்பீடு டியோர் ஆர்.டி. வாங்கி வந்தார். இரண்டிலும் ஸ்பீடு 10தான், ஆனால் இழுவைக் கணக்கு வேறு. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஏறக்குறைய 4 மி.மீ. நகர வேண்டியது 3.3 மி.மீ. அளவுக்குத்தான் நகரும். ஒன்பது கிளிக் போனால் 6 மி.மீ. குறை. கேபிளை இறுக்கித் தளர்த்தும் பேரல் அட்ஜஸ்டரை இரவு முழுக்கத் திருப்பினாலும் சரியாகாது. கடைசியில் பொருந்தியது ஷிமானோவின் 10 ஸ்பீடு ஜி.ஆர்.எக்ஸ். ஆர்.எக்ஸ்.400 ஆர்.டி. அதற்கு 36 பல், கொள்ளளவு 41. அவருக்கும் 50/34, பின்னால் 11-36. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

முதலில் எழுதியவர்:

கூட்டினேன் தம்பி, 16ம் 25ம் 41, கச்சிதம். அந்த டியோர் ஆர்.டி. சும்மா கிடந்தால் விலை சொல்லச் சொல்லுங்கள். என் பையனின் எம்.டி.பி. 10 ஸ்பீடு டியோர்தான், ஷிஃப்டரும் அதே செட்.