புது பேட்டரி, புது டைனமோ, அப்பவும் அதே 13.3

எங்கள் வீட்டு வண்டி 2009 மாடல் டீசல் கார். போன ஐப்பசி மழையில் காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. நான்கு வருஷ பேட்டரிதானே என்று யோசிக்காமல் புதுசு போட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் திரும்பவும் அதே முனகல்.

பேட்டரிக் கடையில் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு பேட்டரியில் வோல்ட் மீட்டர் வைத்தார்கள். 13.3. "டைனமோ சார்ஜ் கம்மி" என்றார்கள். (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது இதுதான். ஆல்டர்னேட்டர் என்று திருத்த வராதீர்கள், பட்டறையில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர்.) அதற்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் மாற்றினோம். 13.3. ரெகுலேட்டர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி முழு டைனமோவையும் புதிதாக வாங்கி மாட்டினேன். 13.3. எதை மாற்றினாலும் ஒரே நம்பர் வருகிறதே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. போய் ஒரு பெல்ட் வாங்கினேன்.

கடைசியில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். என்னென்ன மாற்றினேன் என்று நான் ஒப்பித்ததை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சமீபத்துல கிளட்ச் வேலை பாத்தீங்களா தம்பி?" என்றார். பார்த்திருந்தோம், ஆடி மாசம்.

இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார், லைட் எல்லாம் எரிந்தபடி. மீட்டரின் ஒரு முனை டைனமோவின் பிளஸ் போல்ட்டில், இன்னொன்று டைனமோ பாடியில்: 14.3. பேட்டரியில் வைத்தால் 13.3. "பாருங்க, ஒரு வோல்ட் வழியிலேயே காணாமப் போகுது." அப்புறம் பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு வைத்தார், கிளாம்ப்பில் இல்லை, ஈயக் குமிழியிலேயே. 0.4. டைனமோ பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.6. இரண்டுமே 0.2-க்குள் இருக்க வேண்டியவை.

ரெகுலேட்டர் டைனமோவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தன் வாசலில் 14.3 இருந்தால் அதற்குப் போதும். பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று அடுப்படியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியை, கழற்றினார். கிளட்ச் வேலை முடிந்ததும் அதை பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். பாதி இழை அறுந்து, மிச்சத்தில் பச்சையாகப் பொடி. செல்ஃப் இழுத்ததற்கும் இதுதான் காரணம், அதன் கரண்டும் இந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பிளஸ் பக்கம் லக் (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் வளையம்) கறுத்து, நட் கையாலேயே சுற்றியது. பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புதுப் பட்டை, புது லக் போட்டு, மேலே வாஸ்லின் தடவினார். 14.1. எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது டைனமோ விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

*

அண்ணா, இதே கூத்து எனக்கு பைக்கில். பேட்டரி, கரண்ட் எடுக்கும் காயில் பிளேட், அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மூன்றும் மாற்றியாச்சு, அப்பவும் இரண்டு நாள் சிட்டியில் ஓட்டினால் டவுன். காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரையும் இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் பார்ப்பார்கள், மூன்று ஜோடியும் சமமாக இருக்கும். எல்லாம் சரி என்பார்கள்.

சனியன் எங்கே இருந்தது தெரியுமா? பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் கழற்றிய அந்த கப்ளருக்குள்ளேயே, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குள். ஒரு பின் சூட்டில் இளகி உள்ளே போயிருந்தது. கழற்றினால் மூன்று ஒயரிலும் கரண்ட், மாட்டினால் இரண்டில்தான். வெள்ளை பிளாஸ்டிக் அந்த மூலையில் மட்டும் டீ நிறத்தில் இருந்தது. மூக்கை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

போதாததற்கு நான் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் வேறு போட்டிருந்தேன். 2017 ஏப்ரலிலிருந்து வரும் பைக்குகளில் ஹெட்லைட்டையே அணைக்க முடியாது. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது காயில் எவ்வளவுதான் கொடுக்கும்.

*

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. பழைய கார், மீட்டர் போர்டு மங்கலாக இருக்கிறதே என்று பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினேன். பத்து நாளில் பேட்டரி படுத்தது. ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டால் 12.4. ஒருமுறை நன்றாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் சட்டென்று 14.2 வந்துவிடும். டைனமோவைக் கழற்றிக் கடையில் சுற்றிப் பார்த்தார்கள், குறையே இல்லை.

பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சிவப்பு பேட்டரி பல்பு சும்மா எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. சாவி போட்டதும் அது வழியாகத்தான் டைனமோவுக்குள் கொஞ்சம் கரண்ட் போய் காந்தத்தை எழுப்பி விடுகிறது. எல்இடி அந்த அளவுக்குக் கரண்ட்டை விடாது. பழைய குண்டு பல்பு ஒன்றைத் திரும்ப மாட்டினேன், தீர்ந்தது.

*

முதலில் எழுதியவன்தான். எல்இடி விஷயம் எனக்குப் புதுசு, எங்கள் வண்டியில் நல்ல வேளையாக அதில் கை வைக்கவில்லை. இப்போது தினமும் காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிறது.

பழைய டைனமோ பரண் மேல் இருக்கிறது. புது கார்பன், புது ரெகுலேட்டரோடு. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அது எந்தத் தப்பும் செய்யவில்லை.