ஹாஸ்டல் பசங்க ஓட்டு எங்கே: சென்னையிலா, சொந்த ஊரிலா?

மூணாவது_மாடி
2024 ஏப்ரல் 18 ராத்திரி, கிளாம்பாக்கத்துல தென்காசி பஸ்ஸுக்கு நின்னேன். முதல் ரெண்டு பஸ்ல கால் வைக்க இடமில்லை. மூணாவதுல திருச்சி வரைக்கும் நின்னுக்கிட்டே போய், மறுநாள் மதியம் ஓட்டு போட்டேன். ரூம்ல நாலு பேர்; போனது நான் மட்டும். மத்தவங்களுக்கு அடுத்த வாரமே பரீட்சை. எங்களுக்குத் தபால் ஓட்டும் கிடையாது. அந்தத் தேர்தல்ல தென்சென்னை ஓட்டை எண்ணினது அண்ணா பல்கலையில, மத்திய சென்னைக்கு லயோலா, வடசென்னைக்கு ராணி மேரி. ஓட்டு எண்ண காலேஜ் வேணும், அங்கே தங்கிப் படிக்கிறவன் ஓட்டு மட்டும் 600 கிலோமீட்டர் தள்ளியா? ஹாஸ்டல் முகவரியில பேர் சேர்க்க ஒவ்வொரு காலேஜும் முகாம் போடணும்.

தாமிரபரணி
தம்பி, உன் கஷ்டம் புரியுது. ஆனா நாலு வருஷம் தங்குற ஊருக்கு எம்.எல்.ஏ. யாருன்னு நீ ஏன் தீர்மானிக்கணும்? எங்க ஊர்ல படிச்ச பசங்க பேரெல்லாம் சென்னைக்குப் போயிட்டா, குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கேள்வி கேட்க யார் மிஞ்சுவா?

வேளச்சேரி_மெஸ்
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மூணு நாள் கரண்ட் இல்லாம, இடுப்பளவு தண்ணியில பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தவங்க நாங்க. மழைநீர் வடிகாலைப் பத்திக் கேட்க எங்களுக்கும் உரிமை இருக்குண்ணா. விதியும் இடம் தருது: ஒரு வருஷத்துக்குக் குறையாத அங்கீகாரம் பெற்ற படிப்பா இருந்தா, ஊரோ ஹாஸ்டலோ, மாணவரே தேர்ந்தெடுக்கலாம். புதுசா பேர் சேர்க்கப் படிவம் 6, கூட 'இவர் இங்கே படிக்கிறார்'னு காலேஜ் தலைமை தர்ற போனஃபைடு சான்றிதழ். அங்கேதான் சிக்கல். எங்க காலேஜ் ஆபீஸ்ல 'பேங்க் லோனுக்கு மட்டும்தான் தருவோம்'னு திருப்பி அனுப்பிட்டாங்க.

ஓய்வு_டீச்சர்
நான் பி.எல்.ஓ.வா, அதாவது வீடு வீடாப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலரா வேலை பார்த்தவ. ஹாஸ்டல்ல பட்டியலோட போய்க் கதவைத் தட்டினா, 'அந்த அண்ணன் பாஸாகிப் போயிட்டார் மேடம்'னுதான் பாதி ரூம்ல பதில். ஆள் இல்லாத பேர் பட்டியல்ல கிடக்கிறது ஆபத்து. கள்ள ஓட்டுக்கு அதுவே வாசல். அதனால முகாம்னு சொன்னாலே எனக்குப் பயம்.

பறக்கும்_ரயில்
இருக்கிற ஊர்லேருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டு போடுற தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் வந்தா எல்லாம் தீரும். ஒரே மெஷின்ல 72 தொகுதி வரை வைக்கலாம்னு 2022 கடைசியில தேர்தல் ஆணையம் சொன்னதே?

வேளச்சேரி_மெஸ்
சொன்னாங்க. பல கட்சிகள் எதிர்த்தாங்க, இன்னும் வரலை. அதுக்காகக் காத்திருந்தா நம்ம படிப்பே முடிஞ்சிடும். டீச்சர், நீங்க சொல்றது நிஜமான பிரச்சினை. ஆனா அது போகும்போது பேரை மாத்தாததால வர்றது. சேர்த்ததால இல்லை.

ஓய்வு_டீச்சர்
அப்படின்னா மாத்த வையுங்க. டி.சி. வாங்க முன்னாடி நோ டியூஸ் சீட்டுல லைப்ரரி, மெஸ், லேப்னு கையெழுத்து வாங்குறீங்கல்ல? அதுல 'முகவரி மாத்தப் படிவம் 8 கொடுத்தாச்சு'ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அது வந்தா நானே முகாமுக்கு வந்து உட்கார்ந்து படிவம் எழுதித் தர்றேன்.

தாமிரபரணி
ஒண்ணு மறந்துட்டீங்க. ஊராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியல்தான் அடிப்படை. இங்கே பேர் போனா, ஊர்த் தலைவர் தேர்தல்ல உன் ஓட்டு இல்லை தம்பி. ரெண்டு இடத்துல வச்சுக்கவும் சட்டம் விடாது.

மூணாவது_மாடி
ஊராட்சியை நான் யோசிக்கவே இல்லைண்ணா. அப்பாகிட்ட பேசிட்டுத்தான் என் பேரை மாத்துவேன். ஆனா இப்போ ரூம்ல புதுசா வந்திருக்கிற மூணு பேருக்கும் இன்னும் எங்கேயுமே பேர் இல்லை. திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்ட போனஃபைடு கேட்டு எழுதிக் கொடுக்கிறோம். நோ டியூஸ் வரியும் அதே கடிதத்துல இருக்கும், டீச்சர்.