குடிச்சது ஊருக்கே தெரியும், மருந்து எடுத்தது ஏன் தெரியணும்?

மஸ்கெலியாக்காரி:
யாருக்காவது இப்படி நடந்திருக்கான்னு கேக்கத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. எங்க அண்ணனுக்கு இலங்கை மலையகத்துல, தேயிலைத் தோட்டத்துல வேலை, குடி ஒரு பத்து பன்னெண்டு வருஷமா. சாராயத்துக்கு காசு இல்லாத நாள்ல களவா காய்ச்சுற கசிப்பு. தீவாளி முடிஞ்ச கையோட இனி தொடமாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு ஒரேயடியா நிப்பாட்டினாரு, மறுநாளே கை நடுக்கம், வேர்வை, அதுக்கு அடுத்த நாள் விடியக்காலையில வலிப்பு வந்து வீட்டு முன்னால இஸ்தோப்புல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், ரொம்ப வருஷம் குடிச்சவங்க திடீர்னு விட்டா உசுருக்கே ஆபத்தாம், மருந்து குடுத்து பைய பையத்தான் இறக்கணுமாம். வாட்டுல வச்சு வைட்டமின் ஊசி எல்லாம் போட்டு, மனநல கிளினிக்குக்கு கொப்பி, அதான் நோட்டு, போட்டு அனுப்பினாங்க.

இதுவரைக்கும் குறை இல்ல. வேலைக்கு வராத நாளுக்கு டாக்டர் துண்டு வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, கையில இருந்த, என்ன நோய்னு எழுதின டயக்னோசிஸ் கார்டையே கொண்டு போய் நீட்டிருச்சு. வாங்கினவரு வாசிச்சுட்டு பக்கத்து மேசைக்கும் காட்டி, "ஓ, குடிய விட மருந்து எடுக்கிறாரா"ன்னு சத்தமா கேட்டிருக்காரு. அட்வான்ஸுக்கு நின்ன வரிசை பூரா கேட்டுச்சு. மறுநாள் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல ஒருத்தரு, "என்னா தம்பி, பைத்திய கிளினிக்குல என்னா சொன்னாங்க?" அவ்வளவுதான். அண்ணன் கொப்பிய அடுப்புல போட்டுட்டு சாயந்தரமே குடிச்சிட்டு வந்தாரு.

எனக்கு வெளங்காதது இதுதான். அவரு குடிச்சது யாருக்கு தெரியாது? ராத்திரி பாட்டு பாடுனா மூணு லயத்து வீட்டு வரிசைக்கும் கேக்கும். அதுக்கு ஒருத்தரும் சிரிச்சதில்ல. மருந்து எடுத்ததுக்குத்தான் சிரிச்சாங்க.

ஹட்டன் ஆட்டோ:
அக்கா, நான் திரீவீல் ஓட்டுறவன், என் பக்க தப்பையும் சொல்லிடுறேன். கிளினிக் நாள்ல வர்ற ஆக்கள் ஆஸ்பத்திரி வாசல்ல இறங்க மாட்டாங்க, மேல கோயில்கிட்ட இறக்கி விடு தம்பின்னு சொல்லி நடந்து வருவாங்க. மொத மொத எனக்கு வெளங்கல. ஒருநாள் எங்க டிவிஷன் பெரியவர் ஒருத்தர ஏத்திட்டுப் போனேன், வீட்டுக்கு வந்து சோறு திங்கிறப்ப பொஞ்சாதிகிட்ட சும்மா வாய்விட்டேன், "அவரும் இப்ப மருந்து எடுக்கிறாரு போல, நல்ல விசயம்தானே"ன்னு. நல்ல மனசோட தான் சொன்னேன் சத்தியமா. ரெண்டு நாள்ல தண்ணி பிடிக்கிற பீலியடி வரைக்கும் போயிருச்சு. அந்தப் பெரியவர் இன்னைக்கு வரைக்கும் என் வண்டியில ஏறல.

பெயர் வேணாம்:
ஆபீஸ், ஆட்டோ எல்லாம் பரவாயில்ல, எனக்கு டாக்டர் ரூமுக்குள்ளயே நடந்துச்சு. டாக்டருக்கு தமிழ் வராது, எனக்கு சிங்களம் கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான். நர்ஸ் வெளிய எட்டிப் பார்த்து "ரெண்டு பாஷையும் தெரிஞ்ச யாராச்சும் வாங்க"ன்னு கூப்பிட்டாங்க, எந்திரிச்சு வந்தவரு யாருன்னு நெனைக்கிறீங்க, என் மச்சினிச்சிய கட்டின வீட்டு ஆளு. சம்பந்தி முறை! ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்கன்னு டாக்டர் கேட்க அவரு தமிழ்ல கேக்குறாரு, நான் எப்படி உண்மைய சொல்றது? முழுப் போத்தல் ஆள் நான், கால் போத்தல்னு சொன்னேன். காலையில எந்திரிச்சதும் குடிப்பீங்களான்னாரு, சேச்சேன்னுட்டேன். அந்தக் கணக்குக்கு குடுத்த மருந்து எனக்கு எங்க பத்தும், ராத்திரி பூரா சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சு கத்தியிருக்கேன். திரும்ப ஓடிப்போய் இந்த தடவை அரைகுறை சிங்களத்துல நானே சொன்னேன், "பொய் சொன்னேன் டாக்டர்"னு. அவரு கோவப்படல, நெத்தியில கைய வச்சுக்கிட்டாரு. தமிழ் அரசகரும மொழியாகி 1987ல இருந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எண்ணிப் பாருங்க.

தலவாக்கலை உளவளத்துணை:
நான் உளவளத்துணை, அதான் கவுன்சலிங், வேலையில இருக்கிறேன், எந்த இடம்னு வேணாம். மேல எழுதின மூணு பேருக்கும் நடந்தது நடக்கக் கூடாதது. எங்ககிட்ட யாராச்சும் ஃபோன் பண்ணி "இன்னார் அங்க வர்றாரா"ன்னு கேட்டா, ஆமான்னும் சொல்லக்கூடாது இல்லன்னும் சொல்லக்கூடாது, ரெண்டுமே ஒரு பதில்தானே. உசுருக்கு ஆபத்து, புள்ளைகளுக்கு கொடுமை, கோர்ட் கட்டளை, இப்படி சில இடத்துலதான் வாய் திறக்கணும், அதையும் மொத நாளே உக்கார வச்சு சொல்லிடுறது நல்லது.

சட்டத்தப் பத்தி கேக்குறவங்களுக்கு: 2016ல வந்த 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒருத்தரோட மருத்துவப் பதிவ அவரு எழுத்துல சம்மதம் குடுக்காம வெளிய குடுக்க மறுக்கலாம்னு இருக்கு. 2022ஆம் வருஷத்து 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல விசேஷ வகையில வச்சிருக்கு, ஆனா அதோட முக்கியமான பாகங்கள் 2025 மார்ச்ல தொடங்க வேண்டியது தள்ளிப் போச்சு. அதனால சட்டத்த மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க. லீவுக்கு எத்தனை நாள் ஓய்வுன்னு மட்டும் எழுதின மெடிக்கல் தனியா கேட்டுப் பாருங்க, டயக்னோசிஸ் கார்ட் உங்க பெட்டியில இருக்கட்டும். மொழிபெயர்க்க சொந்தக்காரர் வந்தா "இவரு வேணாம்"னு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க. நேர்ல போக முடியலன்னா தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையோட 1927க்கு ஃபோன் பண்ணலாம்.

ரெண்டு புள்ளைக்காரி:
எல்லாரும் குடிக்கிறவங்க ரகசியத்தையே பேசுறீங்களே, எங்க கதைய யாரு கேக்குறது? என் வீட்டுக்காரரு ஐஸ்ங்கிற போதைப் பழக்கத்த விட சிகிச்சைக்கு போய்க்கிட்டு இருந்தாரு, ஒழுங்கா போறாரா, இல்ல போற மாதிரி போயிட்டு வேற எங்கயாச்சும் திரியுறாரான்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. தாலிக்கொடிய அடகு வச்சது நானு. எனக்கு தெரிய வேணாமா?

தலவாக்கலை உளவளத்துணை:
தங்கச்சி, கோவம் நியாயம். அவரு கையெழுத்து போட்டு "பொஞ்சாதிகிட்ட சொல்லலாம்"னு ஒத்துக்கிட்டா சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்னும் அவரே எழுதலாம், வர்றாரா இல்லையா என்கிறத மட்டும் சொல்லுங்கன்னு கூட. ஒத்துக்கலன்னாலும் நீங்க வந்து எங்ககிட்ட சொல்லலாம், நாங்க கேட்டுக்குவோம், திருப்பி சொல்றதுக்குத்தான் தடை. அடிதடின்னா அது வேற, அப்ப காத்திருக்காதீங்க.

கண்டி டு நியூஜேர்சி:
எங்க பெரியம்மா மகன் இங்க இந்த மாதிரி ஒரு இடத்துல வேலை. அமெரிக்காவுல போதை சிகிச்சைப் பதிவுக்குன்னே 1970களில இருந்து தனி விதி இருக்காம், பாகம் 2ன்னு சொல்லுவாங்க. சிகிச்சைக்குப் போனா கேஸ் விழும், வேலை போகும்னு பயந்து ஆக்கள் வராம இருந்துடக் கூடாதுன்னுதான் அத கொண்டு வந்தாங்களாம். 2024ல கொஞ்சம் தளர்த்தி, சிகிச்சை, பில் கட்டுற வேலைக்கெல்லாம் ஒரே ஒரு தடவை சம்மதம் வாங்கினா போதும்னு ஆக்கிட்டாங்க, ஆனாலும் அந்தப் பதிவ வச்சு நோயாளி மேலயே கேஸ் நடத்த அவரோட சம்மதமோ கோர்ட் கட்டளையோ வேணும். எங்க ஊர்ல பெரட்டுக்களமே கோர்ட்டு, என்ன செய்ய.

மஸ்கெலியாக்காரி:
எல்லாருக்கும் நன்றி, ஆட்டோ தம்பிக்கும். உண்மைய சொன்னதே பெருசு. ஆபீஸ்ல போய் பேசினேன், அவரு "நான் ஒண்ணும் பொய் சொல்லலியே"ங்கிறாரு, அதுக்கு மேல அவருகிட்ட பேசி பிரயோசனம் இல்ல. அண்ணன் ரெண்டு மாசம் கழிச்சு தானாவே கேட்டாரு, வேற ஊர்ல பாக்கலாமான்னு. இப்ப விடியக்காலை பஸ் புடிச்சு கண்டிக்கு போறாரு, ஒரு நாள் பேர், அதான் கூலி, போகுது, பஸ் காசு வேற, இருந்தாலும் போறாரு. லயத்துல கேட்டா கண் கிளினிக்னு சொல்லியிருக்கோம். போன மாசம் பக்கத்து காம்பரா ஆச்சி, "இத்தனை தடவ போறான், இன்னும் ஒரு கண்ணாடி குடுக்கலியா அந்த டாக்டரு"ன்னு கேட்டுருச்சு, வேற வழியில்லாம ஹட்டன்ல பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டாரு. கண்ணாடி போட்டதுல இருந்து மொகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்குன்னு ஆச்சி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரியுது.